கமருஸ்ஸமான் போட்ட மெல்லிசு ஒயர்

கமருஸ்ஸமான் ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்லும் சொல் ஒன்று உண்டு. "லைன் வருது."

கார் ஒயரிங் வேலை செய்கிற எல்லோரும் சொல்வதுதான். ஆனால் அவன் சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. ஒரு சின்ன பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர், ஒன்றின் நுனியில் கோணி ஊசி, இன்னொன்றில் கிளிப். இதுதான் அவனுடைய டெஸ்ட் லேம்ப். கிளிப்பை வண்டியின் இரும்பில் மாட்டி, சந்தேகப்படுகிற ஒயரை ஊசியால் குத்துவான். பல்பு எரிந்தால் லைன், அதாவது கரண்ட், வருகிறது. லைன் வந்தால் ஒயரிங்காரன் வேலை முடிந்தது. அதற்குப் பிறகும் வண்டி அடம்பிடித்தால் அது மெக்கானிக்கின் தலைவலி. பாண்டி கருவடிக்குப்பம் ஷெட்டில் இதுதான் வழக்கம். பல்பு எரிகிறதா, எரியவில்லையா என்பதை வைத்துப் பழியை யார் தலையில் போடுவது என்று முடிவு செய்துவிடுவார்கள்.

முல்லா வீதியில் பிறந்து வளர்ந்தவன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் போதும் என்று லாரி ஷெட்டுக்குப் போனான். இப்போது ஐம்பத்தாறு வயது. இத்தனை வருஷத்தில் அவன் கை வைத்த ஒரு வண்டியும் தீப்பிடித்ததில்லை. அந்தப் பெருமை அவனுக்கு நிறையவே உண்டு. அதைவிடப் பெருமை அவன் டேப் சுற்றுவதில். பத்து ஒயரைச் சேர்த்து அவன் கறுப்பு டேப் சுற்றினால் எண்ணெய் வைத்து வாரிய ஜடை மாதிரி இருக்கும். ஷெட்டுக்கு வருகிறவர்களிடம் அதைத் தடவிக் காட்டுவான். டேப்புக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

வாய் மட்டும் கெட்ட வாய். "உனக்கு ஸ்பேனர் புடிக்கத் தெரியுமா, இல்ல ஸ்பூனுதானா?" என்று வயது வித்தியாசம் பார்க்காமல் கேட்பான். அவன் வேலைக்கு மரியாதை கொடுத்தவர்களும் அவன் வாய்க்குப் பயந்தார்கள்.

அந்த ஷெட்டில் அவன் வாய்க்குப் பயப்படாத ஒரே ஆள் கலியமூர்த்தி. கியர்பாக்ஸ் மெக்கானிக். வில்லியனூர் தாண்டி ஒதியம்பட்டிலிருந்து தினமும் மொபெட்டில் வருவான். விடியற்காலையில் வயலில் தண்ணீர் கட்டிவிட்டு, கால் சேறு காய்வதற்குள் ஷெட்டில் இருப்பான். அதிகம் பேசமாட்டான். கியர்பாக்ஸைப் பிரித்துப் போட்டால் நூற்று இருபது சாமானையும் ஒரு கோணிமேல் வரிசையாக வைப்பான். கோணியை யாராவது தாண்டினால் மட்டும்தான் அவனுக்குக் கோபம் வரும். பத்தொன்பது வருஷமாக இருவரும் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தார்கள். கமருஸ்ஸமான் அவனைக் கிண்டல் செய்வான். அவன் "சரி பாய்" என்பான். அவ்வளவுதான் சிநேகிதம். ஆனால் பெருநாளைக்குப் பிரியாணித் தூக்கும், பொங்கலுக்குக் கரும்பும் ஒரு வருஷமும் தவறியதில்லை.

இப்படி இருந்தவர்களுக்கு நடுவில்தான் முசேவின் கார் வந்தது.

முசே என்றால் நெடுமாறன். பிரான்சில் இருபத்தைந்து வருஷம் வேலை செய்து, பென்ஷனோடு ஊருக்குத் திரும்பியவர். அந்த மாதிரி ஆட்களைப் பாண்டியில் முசே என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடம் பச்சை நிறத்தில் ஒரு பழைய இங்கிலீஷ் கார் இருந்தது. அறுபத்தாறாம் வருஷத்து வண்டி. அந்தக் காரில் ஓவர்டிரைவ் என்று ஒன்று உண்டு. டாப் கியரில் போகும்போது ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் சுவிட்சைத் தட்டினால் இன்ஜின் சத்தம் அடங்கிவிடும், வேகம் அப்படியே இருக்கும். இன்னொரு கியர் கூடுதலாகக் கிடைத்த மாதிரி. சுவிட்சைத் தட்டியதும் கியர்பாக்ஸ் ஓரத்தில் இருக்கிற சோலினாய்டு என்கிற காந்தக் காயில், அதாவது செம்புக்கம்பிச் சுருள், ஒரு சின்ன லீவரை இழுக்க வேண்டும். அது இழுத்தால்தான் மற்றதெல்லாம். இழுக்கும்போது அடியிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். முசேவுக்கு அந்த டக்கில்தான் உயிர்.

கார் பூராவும் ஒயர் மாற்ற வேண்டும் என்று கமருஸ்ஸமானிடம் விட்டார். ஒன்பது நாள் வேலை. ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. எல்லாம் முடிந்து, ஓவர்டிரைவுக்குப் போகும் கடைசி ஒயர் ஒன்றுதான் பாக்கி. தடித்த ஒயர் தீர்ந்துவிட்டது. ஒயர் விற்கிற பாய் ஜும்மாவுக்காகக் கடையைப் பூட்டிவிட்டார். கமருஸ்ஸமானும் குளித்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போக வேண்டும். முசே மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். கையில் டெயில் லைட்டுக்குப் போடுகிற மெல்லிசு ஒயர்தான் இருந்தது. இப்போதைக்கு இருக்கட்டும், அடுத்த வாரம் மாற்றிவிடலாம் என்று அதையே போட்டு இணைத்தான். மேலே அழகாக டேப் சுற்றினான். தட்டிப் பார்த்தான். டக்.

தொழுதுவிட்டு வந்தான். வண்டியைக் கொடுத்தான். அடுத்த வாரம் என்று நினைத்ததை அடுத்த வாரம் அவன் நினைக்கவே இல்லை.

இருபது நாள் கழித்து முசே வண்டியோடு வந்து நின்றார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"பாய், ஓவர்டிரைவ் விழல. சுவிட்சத் தட்டறேன், ஒன்னுமே ஆவல."

கமருஸ்ஸமான் வண்டிக்கு அடியில் படுத்தான். டெஸ்ட் லேம்ப் கிளிப்பை மாட்டினான். சோலினாய்டுக்கு வரும் ஒயரை ஊசியால் குத்தினான். "தட்டுங்க முசே." பல்பு எரிந்தது. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

"லைன் வருது. என் பக்கம் சுத்தம். யோவ் கலியமூர்த்தி, உன் பொட்டிதான் தூங்குது, எழுப்பு."

கலியமூர்த்தி வண்டி அடியில் எட்டிப் பார்த்தான். "ஒயர ஒரு தடவ நல்லா பாத்துடுங்களேன் பாய்."

"பல்பு எரிஞ்சத நீயும்தான் பாத்த. கண்ணு தெரியலன்னா கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போயி காட்டிக்க. என் ஒயர சொல்லாத."

ஷெட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கலியமூர்த்தியும் சிரித்தான். "சரி பாய்" என்றான்.

அந்தக் கியர்பாக்ஸைக் கீழே இறக்குவது லேசான வேலை இல்லை. இறக்கினான். பிரித்தான். கோணிமேல் வரிசை வைத்தான். எல்லாம் நன்றாக இருந்தது. கழுவி, பூட்டி, ஏற்றினான். ஓவர்டிரைவ் விழவில்லை. மறுபடி லேம்ப் வைத்தார்கள். எரிந்தது. மறுபடி இறக்கினான். இந்தத் தடவை ஒவ்வொரு சாமானையும் அளவு வைத்துப் பார்த்தான். ஏற்றினான். விழவில்லை. முசே பொறுமை இழந்து, கலியமூர்த்தி இருக்கும்போதே அவன் காதில் விழுகிற மாதிரி கேட்டார்: "பாய், இவனுக்கு இந்த வண்டி தெரியுமா, தெரியாதா?"

அந்த இடத்தில் கமருஸ்ஸமான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தோளைக் குலுக்கினான். "லைன் வருது முசே. அது மட்டுந்தான் எனக்குத் தெரியும்."

மூன்றாவது தடவை இறக்கிப் பார்த்துவிட்டு ஏற்றும்போது ஜாக்கி நழுவியது. கியர்பாக்ஸ் கலியமூர்த்தியின் வலது கைமேல் இறங்கியது. கத்தக்கூட இல்லை அவன். "பாய், தூக்குங்க பாய்" என்று மெல்லச் சொன்னான். கமருஸ்ஸமான்தான் துண்டால் கையைக் கட்டி, ஆட்டோவில் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். மோதிர விரலில் முதல் கணு வரை எடுக்க வேண்டியதாயிற்று. பக்கத்து விரல் இனி மடங்காது என்று சொல்லிவிட்டார்கள்.

கலியமூர்த்தியின் பெண்சாதி தையல்நாயகி ஆஸ்பத்திரி வாசலில் கமருஸ்ஸமானின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கூடப் பொறந்தவன் மாதிரி தூக்கினு வந்தீங்களே அண்ணே." அவனும் அழுதான். அன்றைக்கு அவன் அழுதது நிஜமான அழுகைதான். அப்போது அவனுக்கு ஒன்றும் தெரியாது.

தெரிந்தது பன்னிரண்டு நாள் கழித்து.

ஷெட்டில் மற்ற ஆட்கள் கியர்பாக்ஸை அப்படியே ஏற்றிப் பூட்டிக் கொடுத்தும் ஓவர்டிரைவ் விழவில்லை. முசே அந்தச் சோலினாய்டைத் தனியாகக் கழற்றி எடுத்துக்கொண்டு கமருஸ்ஸமானின் முல்லா வீதி வீட்டுக்கே வந்துவிட்டார். காயில் கருகியிருக்குமோ என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். கமருஸ்ஸமானின் மனைவி ரமீஜா வீட்டில் காயில் சுற்றுகிறவள். மிக்சி, ஃபேன், தண்ணீர் மோட்டார் எல்லாம் அவளிடம் வரும். கல்யாணத்துக்கு முன்பே அவள் அத்தா கடையில் கற்றுக்கொண்ட வேலை. காயிலை மூக்கருகே வைத்தே கருகியதா இல்லையா என்று சொல்லிவிடுவாள்.

முசே போன பிறகு ரமீஜா அதை மோந்து பார்த்தாள். மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தாள். பிறகு கூடத்து மூலையில் இருந்த பேட்டரியைத் தரையில் இழுத்து வைத்து, இரண்டு தடித்த ஒயரால் நேராகத் தொட்டாள்.

டக். தெருவில் போகிறவர்களுக்குக் கேட்டிருக்கும்.

"காயிலு நல்லாத்தான் இருக்குது" என்றாள். "கல்லு மாதிரி இழுக்குது."

"அப்ப கியர்பாக்ஸுதான்" என்றான் கமருஸ்ஸமான், சாப்பிட்டுக்கொண்டே.

"கியர்பாக்ஸுல ஒன்னும் இல்லன்னு அந்த மனுசன் மூணு தடவ எறக்கிப் பாத்துட்டு வெரல உட்டுட்டாரு. காயிலும் நல்லாருக்குது. நடுவுல என்னா இருக்குது?"

"ஒயரு. ஒயருல லைன் வருது. நானே பாத்தேன்."

"எத வெச்சி பாத்தீங்க? அந்த ஊசி பல்ப வெச்சிதான?" ரமீஜா ஒயரைக் கீழே வைத்தாள். "பல்புக்கு எவ்ளோ வேணும்? துளியூண்டு. இது இழுக்கற நேரத்துல ஹெட்லைட்டு நாலு தின்றத இது ஒன்னே திங்குது, கையில தொட்டாவே தெரியுது. கொழாய்ல சொட்டு சொட்டா வந்தாலும் டம்ளரு ரொம்பும். அத வெச்சி லாரி கழுவ முடியுமா? அந்தக் காருக்கு எந்த ஒயரப் போட்டீங்க?"

கமருஸ்ஸமான் தட்டைப் பார்த்தான். கையில் பிசைந்த சோறு இருந்தது. வெள்ளிக்கிழமை, பூட்டிய கடை, டெயில் லைட் ஒயர், அடுத்த வாரம். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து முன்னால் நின்றன. தட்டிலேயே கையைக் கழுவினான்.

ரமீஜாவுக்கு முப்பது வருஷத்துப் புருஷன் முகம் தெரியாதா? "மெல்லிசா?" என்றாள்.

தலையை ஆட்டினான்.

"யா அல்லா" என்றாள் அவள். அதற்கு மேல் அன்றைக்கு அவள் பேசவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் முசே வீட்டுக்குப் போனான். காயில் சரியாக இருக்கிறது, வண்டியை இன்னொரு தடவை பார்க்கிறேன் என்றான். முசே பல் விளக்கப் போன நேரத்தில் டேப்பை அறுத்தான். இணைப்பு இருந்த இடத்தில் அந்த ஒயர் சூடேறிச் சூடேறிப் பழுப்பாகி, முறுக்கு மாதிரி நொறுங்கியது. காயிலைத் திரும்ப மாட்டி, தடித்த ஒயர் போட்டான். பழைய ஒயரைச் சுருட்டி சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டான். திருடன் மாதிரித்தான். வேறு எப்படிச் சொல்வது?

கடற்கரைச் சாலை தாண்டி, வைத்திக்குப்பம் பக்கம் வண்டியை விரட்டி, முசே சுவிட்சைத் தட்டினார். டக். இன்ஜின் சத்தம் அடங்கியது. முசே அங்கேயே ஓரம் கட்டி நிறுத்தி, இறங்கி வந்து கமருஸ்ஸமானைக் கட்டிப் பிடித்தார். படகு ஓரத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த பொம்பளைகள் வேடிக்கை பார்த்தார்கள்.

"எப்படிக் கண்டுபுடிச்சீங்க பாய்?"

அப்போதும் ஒரு இடம் இருந்தது சொல்வதற்கு. "இப்புடி அப்புடி பாத்தேன் முசே, கெடச்சிடுச்சி" என்றான்.

முசே சும்மா இருக்கவில்லை. பழைய கார் வைத்திருக்கிறவர்கள் குரூப்பில் வீடியோ போட்டார். கமருஸ்ஸமானை வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, "மூணு தடவ கியர்பாக்ஸ எறக்கி நாசம் பண்ணாரு ஒரு மெக்கானிக். நம்ம பாய் ஒரே காலையில முடிச்சாரு" என்று பேசினார். அந்த வீடியோ எங்கெங்கோ போய், ஒதியம்பட்டுக்கும் போனது.

சாயங்காலம் கலியமூர்த்தி போன் செய்தான்.

"பாய், வீடியோ பாத்தேன். சந்தோசம். என்னா பாய் பண்ணீங்க? நான் எங்க உட்டுட்டேன்னு தெரிஞ்சிக்கத்தான் கேக்கறேன்."

கமருஸ்ஸமான் அஸர் தொழக் கிளம்பி நின்றான். ஒயர் என்று சொல்ல வாயைத் திறந்தான். வந்தது வேறு.

"லீவர் செட்டிங்கு கொஞ்சம் எறங்கியிருந்துச்சிப்பா. சின்ன விசயந்தான். வுடு."



"அளவு வெச்சித்தான பாய் பாத்தேன். மூணு தடவயும் பாத்தனே."

"சில நேரம் கண்ணு தப்பிடும்."

"ஆமா பாய்" என்றான் கலியமூர்த்தி. "கை போச்சுன்னு நெனச்சேன். கண்ணும் போயிடுச்சி போல."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ரமீஜா நின்றிருந்தாள்.

"யாரு?"

"கலியமூர்த்தி."

"லீவரா எறங்கியிருந்துச்சி?"

அவன் தொப்பியைத் தேடினான். தலையில்தான் இருந்தது.

"தொழுவத்தான போறீங்க? போங்க. வெரலு போனவன்கிட்ட இப்ப சொன்னீங்களே, அத அங்கயும் ஒருவாட்டி சொல்லிட்டு வாங்க."

அவன் போனான். வரிசையில் நின்றான், குனிந்தான், நிமிர்ந்தான். என்ன ஓதினான் என்று அவனுக்கே தெரியாது.

அந்தப் பொய்யோடு பத்து நாள் போயிற்று. ஷெட்டில் புதிதாக மூன்று பழைய கார் அவனைத் தேடி வந்தது. அவன் வாய் குறைந்துவிட்டது. யாரையும் கிண்டல் செய்யவில்லை. பேர் வந்ததும் பாய்க்குப் பக்குவம் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். லேம்பை எடுத்துக் குத்துவான், எரியும். லைன் வருது என்று சொல்ல நாக்கு வராது. "இருக்குது" என்று முனகுவான்.

பதினோராம் நாள் தையல்நாயகி ஷெட்டுக்கு வந்தாள். ஆட்டோவிலிருந்து ஒரு இரும்புப் பெட்டியை இறக்கினாள். கலியமூர்த்தியின் சாமான் பெட்டி.

"அண்ணே, அவரு இத உங்ககிட்ட குடுத்துடச் சொன்னாரு. சும்மா வெச்சிக்கங்க, ஒன்னும் வாணான்னாரு."

"எதுக்கும்மா?"

"சேதராப்பட்டுல ஒரு கம்பெனி கேட்டுல வாச்மேன் வேல சொல்லியிருக்காங்க. ஒன்னாந் தேதியிலருந்து போறாரு. கியர்பாக்ஸு இனிமே தொடமாட்டாராம். கையி சரியாயிட்டாகூட தொடமாட்டாராம். 'மூணு தடவ பாத்தும் கண்ணுக்குத் தெரியலன்னா நான் எதுக்குடி அடுத்தவன் வண்டிய தொடணும்'ங்கறாரு. வூட்ல தெனம் அதேதான். லீவரு, லீவருன்னு கைய இப்புடி இப்புடி வெச்சி பாத்துனே இருக்காரு." அவள் முந்தானையால் பெட்டியைத் துடைத்தாள். "வேற எவனுக்காவது வித்தா பழைய இரும்புக்குப் போட்டுடுவான். பாய்க்குத்தான் மதிப்பு தெரியும்னாரு."

கமருஸ்ஸமான் பெட்டியைத் திறக்கவில்லை. உள்ளே ஸ்பேனர் எல்லாம் எண்ணெய் தடவி அளவு வாரியாக இருக்கும் என்று தெரியும். தையல்நாயகி ஆட்டோ ஏறிப் போகும்வரை நின்றான். பிறகு ஷெட்டைப் பாதியில் போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தான்.

ஒதியம்பட்டில் கலியமூர்த்தி வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். தையல்நாயகி இன்னும் வந்து சேரவில்லை. கை கட்டோடு மடியில் கிடந்தது. கமருஸ்ஸமானைப் பார்த்ததும் எழுந்தான்.

"வாங்க பாய், ஒக்காருங்க."

"ஒக்கார வரல கலியமூர்த்தி. ஒன்னு சொல்லணும். அது லீவரு இல்ல. என் ஒயரு. மெல்லிசு ஒயரு போட்டுட்டேன். அதான் இழுக்கல. உன் வேலையில ஒரு தப்பும் இல்ல."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்.  கலியமூர்த்தி அவனையே பார்த்தான். பிறகு சிரித்தான்.

"தையலு வந்து அழுதாளா பாய்?"

"என்னா?"

"வாச்மேன் வேலைன்னு சொல்லி அழுதிருப்பா. நீங்க எளகிட்டீங்க. எனக்காவ பழிய உங்க தலையில போட்டுக்கறீங்க. நீங்களாவது மெல்லிசு ஒயரு போடறதாவது! பல்பு எரிஞ்சத நானே பாத்தனே பாய்."

"பல்பு எரியும்யா. அதுல தான்..."

"வுடுங்க பாய். உங்க மனசு எனக்குத் தெரியும்."

அதற்குள் தையல்நாயகி வந்துவிட்டாள். கலியமூர்த்தி விஷயத்தைச் சொன்னான். அவள் கமருஸ்ஸமானைக் கையெடுத்துக் கும்பிட்டாள். உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். அவன் டீயைக் குடித்தான். ஏலக்காய் தட்டிப் போட்ட நல்ல டீ. நன்றாக இருக்கிறது என்றும் சொன்னான். அதுதான் கேவலம். பொய் சொன்னபோது நம்பினார்கள். நிஜம் சொன்னால் நல்லவன் என்று கும்பிடுகிறார்கள்.

திரும்பும் வழியில் வில்லியனூர் ரயில்வே கேட்டில் நிற்கும்போதுதான் அவனுக்கு ஒன்று பட்டது. வாயால் சொல்லி ஆகாது. அந்தப் பழைய ஒயரையாவது காட்டலாம் என்றால், சட்டைப்பையில் இருந்ததை அன்றைக்கே சாக்கடையில் எறிந்துவிட்டான். செய்து காட்ட வேண்டும். வேறு வழி இல்லை.

மறுநாள் காலையில் கலியமூர்த்தியின் பெட்டியோடு முசே வீட்டு வாசலில் நின்றான்.

"காரோட ஒதியம்பட்டுக்கு ஒரு எட்டு வாங்க முசே."

"எதுக்கு பாய்?"

"வாங்க. அங்க வந்து சொல்றேன்." இங்கேயே சொல்லிவிட்டால் அதோடு மனசு ஆறிவிடும், அங்கே போகாமல் இருந்துவிடுவோம் என்று அவனுக்குப் பயம்.

பச்சைக் கார் கலியமூர்த்தி வீட்டு வாசலில் போய் நின்றதும் தெருவில் இருந்தவர்கள் கூடிவிட்டார்கள். கமருஸ்ஸமான் சாமான் பெட்டியைப் பின்சீட்டிலிருந்து இறக்கி ஓரமாக வைத்தான்.  வண்டிக்கடியில் படுத்து, தான் போட்ட தடித்த ஒயரைப் பிடுங்கினான். பையிலிருந்து டெயில் லைட் ஒயரை எடுத்து, சூடேறி நொறுங்கிய அந்தப் பழைய இணைப்பு மாதிரியே இரண்டு இழையை மட்டும் விட்டு முறுக்கி இணைத்தான். லேம்பின் கிளிப்பை மாட்டினான்.

"கலியமூர்த்தி, இங்க வா. குனிஞ்சி பாரு. முசே, வண்டியில ஏறி சாவியப் போடுங்க. டாப் கியருல போட்டு சுவிட்சத் தட்டுங்க."

முசே தட்டினார். பல்பு எரிந்தது.

"லைன் வருது. தெரியுதா?"

"தெரியுது பாய்."

"டக்குன்னு கேட்டுச்சா?"

கேட்கவில்லை. முசே நாலு தடவை தட்டினார். பல்பு நாலு தடவை எரிந்தது. அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு முனகல். லீவர் அசையவில்லை.

கமருஸ்ஸமான் அதை அறுத்துவிட்டுத் தடித்த ஒயரை மாட்டினான். "இப்பத் தட்டுங்க."

டக். வேலியோரம் நின்ற ஆடு திரும்பிப் பார்த்தது.

கலியமூர்த்தி குனிந்தவாக்கிலேயே இருந்தான். இடது கையை நீட்டி லீவரைத் தொட்டுப் பார்த்தான். அவன் வைத்த அளவிலேயே இருந்தது. அவன் அதைத் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு நிமிர்ந்தான்.

"எப்பத் தெரியும்?"

"பன்னண்டு நாளாச்சு."

"நான் போன் பண்ணேன். அன்னைக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவன் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தான். முசே வண்டியிலிருந்து இறங்கி நின்றார். தையல்நாயகி வாசல்படியில் நின்றாள். தெருவே நின்றது.

"தெரியும்."

"தெரிஞ்சிதான் லீவருன்னு சொன்ன."

பத்தொன்பது வருஷத்தில் கலியமூர்த்தி அவனிடம் மரியாதை விட்டு ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. கமருஸ்ஸமான் தலையாட்டினான்.

"ஒயரு தப்பு எவனுக்கும் வரும். எனக்கும் வரும்" என்றான் கலியமூர்த்தி. குரல் உயரவில்லை. "வெரலு போனது ஜாக்கி நழுவி. அதுக்கு உன்ன சொல்லமாட்டேன். ஆனா நான் தூங்கியே பத்து நாளாவுது. படுத்தா அந்த லீவருதான் கண்ணு முன்னாடி வருது. எங்க உட்டேன், எங்க உட்டேன்னு. எம் பொண்டாட்டிய தூக்கிப் போட்டு மிதிக்காத கொறையா எரிஞ்சி எரிஞ்சி வுழுந்தேன். உனக்கு அது ஒரு வார்த்த. வுடுன்னு சொல்லிட்டு வெச்சிட்ட."

"மன்னிச்சி..."

"வாணாம். அத சொல்லாத. அத சொன்னா நான் சரி பாய்னு சொல்லிடுவேன். வாய் பழகிப்போச்சு."

அவன் மனைவி பக்கம் திரும்பினான். "தையலு, பொட்டிய எடுத்து உள்ள வை. சேதராப்பட்டுக்காரன்கிட்ட வரலன்னு சொல்லிடு."

பிறகு கமருஸ்ஸமானைப் பார்க்காமல் சொன்னான். "கட்டு பிரிச்சதும் ஷெட்டுக்கு வருவேன். அது என் ஷெட்டும்தான். நீ இருந்தா இருந்துக்க. எங்கிட்ட பேச்சு வெச்சிக்காத."

தையல்நாயகி பெட்டியை இரண்டு கையாலும் தூக்கினாள். அவனைக் கடந்து போகும்போது அண்ணே என்று கூப்பிடவில்லை.

காரில் திரும்பும்போது முசே மெதுவாகவே ஓட்டினார். ஓவர்டிரைவ் சுவிட்சைத் தட்டவே இல்லை. மெயின்ரோடு வந்ததும் சொன்னார்: "அந்த வீடியோல அவர நாசம் பண்ணாருன்னு பேசிட்டேன் பாய். வூட்டுக்குப் போனதும் அழிச்சிடறேன்."

"அழிச்சா பாத்தவன் பாத்ததுதான முசே. ஓரமா நிறுத்துங்க. நான் பேசறேன், நீங்க புடிங்க."

"இங்கயா? ரோட்டுலயா?"

"வூட்டுக்குப் போனா பேசமாட்டேன்."

முசே புளியமரத்தோரம் நிறுத்தினார். கமருஸ்ஸமான் வண்டிக்கு முன்னால் போய் நின்றான். சட்டை முழுக்க மண்ணும் கிரீசும். அதைத் தட்டிவிடத் தோன்றவில்லை. முசே போனைத் தூக்கிப் பிடித்துத் தலையசைத்தார்.

"எம் பேரு கமருஸ்ஸமான். கருவடிக்குப்பம் ஷெட்டுல ஒயரிங் பாக்கறேன். இந்தக் காருல தப்பு பண்ணது நான். மெல்லிசு ஒயரு போட்டேன். ஒதியம்பட்டு கலியமூர்த்தி செஞ்ச வேலையில ஒரு கொறையும் இல்ல. அது தெரிஞ்ச பொறவும் அவருமேலயே பழியப் போட்டு அவருகிட்டயே பொய் சொன்னேன்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே விழுப்புரம் பஸ் ஒன்று ஹாரனை அமுக்கிப் பிடித்தபடி கடந்து போனது. முசே போனைக் காதில் வைத்துக் கேட்டுப் பார்த்தார். தர்மசங்கடமாக இருந்தது அவருக்கு.

"பாய், கடைசியில சொன்னது கேக்கல. ஹாரன்ல போயிடுச்சி. அது வரைக்கும் போதும்னா..."

"போதாது" என்றான். "மறுபடி புடிங்க."

மறுபடி முதலிலிருந்து சொன்னான்.